கை கிளட்ச் வைத்த வண்டி

சுவர் விழுந்தபோது வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. பிறகு வந்த நாட்களில் எல்லோரிடமும் அவள் அதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். ஓடவில்லை, உருளவில்லை, இன்ஜின்கூட ஆறிப்போய்க் கிடந்தது. மூன்று நாள் மழையில் ஊறியிருந்த பக்கத்துக் கிடங்கின் நீளச் சுவர், பிற்பகல் மூன்று மணி வாக்கில், அடிமண் கரைந்ததும் மொத்தமாகச் சந்துக்குள் சரிந்தது. சந்தில் இருந்தது அவர்களுடைய வண்டி மட்டும்தான்.

அவள் அப்போது உள்ளே ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கொதிநீரிலிருந்து கம்பால் தூக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே ஓடினாள். அவள் அப்படிப்பட்டவள். வீடே இடிந்தாலும் ஸ்விட்சை நிறுத்திவிட்டுத்தான் அக்கா அழும் என்று அவள் தம்பி கேலி செய்வான்.

வாசலில் கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செங்கல் குவியலுக்கு வெளியே வண்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது. மழைத் தண்ணீர் செங்கல் தூளைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக ஓடியது.

"உள்ளே யாரும் இல்லையே?" என்றாள்.

"இல்ல. வண்டிதான்" என்றார். 

"விடுங்க. போனது இரும்பு. இன்சூரன்ஸ் இருக்கு. நாம ஒண்ணு விடாம எழுத்துல கொடுத்திருக்கோம்" என்று அவள் தைரியம் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி போன துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் லாண்டரி அக்கா. வீட்டின் முன்பாதி லாண்டரி, பின்பாதி குடித்தனம். மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் மூட்டை மூட்டையாக விரிப்பும் தலையணை உறையும் வரும். வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மறுநாள் காலை ஏழு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மூட்டையைப் பிரிக்கும்போதே கறையைக் கண்டால், துவைப்பதற்கு முன்னால் வார்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவாள். "இது இங்கேயே இருந்தது. அப்புறம் என் தலையில கட்டக்கூடாது" என்பாள். வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் நேர்மையான மனுஷி என்று ஆஸ்பத்திரியில் பேர்.

கணவரை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைப் பொழுதில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்து தம்ளர் நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். ஆறு மாசத்தில் பேச்சு வந்தது, கை வந்தது. இடது கால் மட்டும் வேண்டாத விருந்தாளி மாதிரி பின்னாலேயே இழுபட்டு வந்தது.

வண்டி அவள் பேரில் இருந்தது. லாண்டரிக்காக வாங்கிய பழைய டீசல் வண்டி. பின்பக்கம் நீளமாக இருக்கும். ஸ்டார்ட் செய்தால் தெருவுக்கே தெரியும், குளிர்காலத்தில் இரண்டு நிமிஷம் இருமிவிட்டுத்தான் கிளம்பும். கணவர் விழுந்த பிறகு அதை ஓட்டக் கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்தாள். அவன் வந்தால் வந்தான், இல்லாவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கண்டித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைச் சத்தத்திலேயே அடையாளம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குரலைக் கேட்கப் பொறுக்காமல் அவள் உள்ளே போய்விடுவாள்.

அப்போதுதான் லேத்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். பட்டறையில் ஐம்பது வருஷம் இரும்பைக் கடைந்தவர், பேச்சு கறாராக இருக்கும். "இந்த டீசல் வண்டியில டைனமோ பின்னாடியே காத்தை உறிஞ்சற வாக்கம் பம்பு ஒண்ணு சுத்துது. பிரேக்குக்காக வச்சது. அதுலேர்ந்து ஒரு குழாய் எடுத்தா, அந்த இழுப்பே கிளட்சை மிதிச்சுக் கொடுக்கும். கியர் தலையில ஒரு சின்னப் பிடி வச்சுத் தரேன், விரலால அழுத்தினாப் போதும். இடது காலுக்கு வேலையே இல்ல."

எட்டு நாள் வேலை நடந்தது. அவள் கஞ்சி காய்ச்சும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பட்டறையில்தான் இருந்தாள். பின் சீட்டை எடுத்துவிட்டு மூட்டை வைக்கக் கம்பித் தட்டு அடித்தார்கள். பாரம் தாங்கப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். கடைசியில் பிடியை மாட்டி, கணவரை உள்ளே உட்கார வைத்தார்கள். அவர் பிடியை அழுத்தி, கியரைப் போட்டு, மெதுவாக விட்டார். வண்டி ஒரு அடி நகர்ந்தது. பட்டறை வாசலில் நின்ற அவளைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத சிரிப்பு.

லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "வண்டியில கை வச்சாச்சு. இனிமே இது நீ இன்சூர் பண்ணின வண்டி இல்ல, வேற வண்டி. கம்பெனிக்கு எழுத்துல கொடுத்துடும்மா. வாயால சொன்னதெல்லாம் காத்தோட போயிடும்."

அவளுக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தன் கையாலேயே கடிதம் எழுதினாள். கை கிளட்ச், எடுத்த சீட்டு, கம்பித் தட்டு, ஸ்பிரிங் பட்டை, எதற்காகச் செய்தது, யார் செய்தது என்று எல்லாம் எழுதி, லேத்துக்காரர் கொடுத்த சான்றையும் சேர்த்துக் குத்தி, தம்பியிடம் கொடுத்தாள்.

தம்பிதான் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் ஏஜென்ட். அவளைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. லாண்டரி நீராவியில்தான் வளர்ந்தான், மூட்டை மேலேதான் தூங்கினான். அவன் வேலைக்குப் போன முதல் வருஷம், அவள் வண்டிக்குத்தான் முதல் பாலிசி போட்டான். இன்றைக்கும் அவன் சட்டைகள் அவள் தேய்ப்புக்குத்தான் வரும். அதனால் கடிதத்துக்கு அவள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. தம்பியிடம் யாராவது நகல் வாங்குவார்களா?

"கொடுத்துடறேன் அக்கா. நீ நிம்மதியா இரு" என்றான்.

அடுத்த மாசமும் கேட்டாள். கொடுத்தாச்சு என்றான். பாலிசி புதுப்பிக்கும் சமயத்தில் இன்னொரு தரம் கேட்டாள். "எல்லாம் ஃபைல்ல இருக்கு அக்கா. எத்தனை தடவைதான் கேட்பே?" என்று சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டாள்.

எட்டு மாசம் வண்டி ஓடியது. காலையில் ஆறரைக்கெல்லாம் கணவர் குளித்துத் தலை சீவி ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவார். அவள் மூட்டைகளை அடுக்கிவிட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறிக்கொள்வாள். மேட்டில் ஏறும்போது வண்டி முக்கி முனகும். அவர் வலது கையால் ஸ்டியரிங்கையும் இடது கையால் அந்தப் பிடியையும் பிடித்துக்கொண்டு, பழைய பஸ் கதைகளைச் சொல்வார். இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உரசி உடைந்தது. சைக்கிள்காரர்களுக்குக் கண் பிடரியில் இருக்கிறது என்று அவர் திட்டினார். அவளும் சேர்ந்து திட்டினாள்.

சுவர் விழுந்த நாலாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்வையிடச் சர்வேயர் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான மனிதர். செங்கற்களைப் பாதி அகற்றியிருந்தார்கள். அவர் நசுங்கிய கதவு வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.  பிறகு கியர் தலையில் இருந்த பிடியைப் போட்டோ எடுத்தார்.

"இது எப்ப வச்சது?"

அவள் தேதி சொன்னாள். என்னென்ன செய்தோம் என்று மளமளவென்று ஒப்பித்தாள். எல்லாவற்றையும் அப்போதே கடிதமாகக் கொடுத்துவிட்டதாகவும், ஃபைலில் பார்த்தால் தெரியும் என்றும் சொன்னாள். கணவர் டீ வைக்கிறேன் என்று உள்ளே போனார். அவராக டீ வைக்கப் போனது அதுதான் முதல் தடவை.

சர்வேயர் தன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்துத் தேடினார். மழைச் சொட்டைத் துடைத்துவிட்டு அவளிடம் நீட்டினார். "ஃபைல்ல எந்தக் கடிதமும் இல்லம்மா. மூணு மாசம் முன்னாடி புதுப்பிச்சபோது கொடுத்த படிவம் இருக்கு. வண்டியில மாற்றம் ஏதாவது செய்திருக்கிறீர்களான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவள் பார்த்தாள். அவளுடைய பெயர்தான். அவள் போடுவதைவிட அழகாக இருந்தது. அவள் எழுத்து நீராவி பட்டதுபோலக் கோணிக்கொண்டு போகும். இது நேராக நின்றது. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வால் சுழித்திருந்தது. அந்தச் சுழியை அவளுக்குத் தெரியும். ஆறு வயதில் சிலேட்டில் அவன் அப்படித்தான் முடிப்பான், அவள் அடித்து அடித்துச் சொல்லியும் விடவில்லை.

"வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு" என்றாள். 

"புரியுதும்மா. சுவர் விழுந்ததுக்கும் இந்தப் பிடிக்கும் சம்பந்தம் இல்லதான். ஆனா கம்பெனி கேட்கப்போறது சுவரைப் பத்தி இல்ல." சர்வேயர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இது உங்க கையெழுத்து இல்லைன்னா, திங்கட்கிழமைக்குள்ள ஆபீஸுக்கு வந்து எழுதிக் கொடுங்க. உங்க கையெழுத்துதான்னா, அதையும் எழுதிக் கொடுங்க. நான் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் எழுத முடியாது."

தம்பியின் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. அவள் நனைந்த செருப்போடு மாடி ஏறினாள். வாடிக்கையாளர் யாரோ இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. வந்தவர்களை அவசரமாக அனுப்பிவிட்டு, ஃபேனைப் போட்டான், தண்ணீர் கொடுத்தான், துண்டு வேண்டுமா என்று கேட்டான்.

"கடிதம் எங்கே?" என்றாள்.

அவன் மேஜை டிராயரைத் திறந்தான். அடியிலிருந்து எடுத்தான். அவள் குத்தியிருந்த குண்டூசிகூட அப்படியே இருந்தது.

"கோபப்படாம கேளு அக்கா" என்று ஆரம்பித்தான். கொடுக்கத்தான் நினைத்தானாம். மேலாளரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டபோது, டிரைவருக்கு டாக்டர் சான்று வேண்டும் என்று சொன்னாராம். அதைப் போய்ச் சொன்னானாம். அதற்கப்புறம்தான் கடிதம் டிராயருக்குள் போனதாம். வேண்டுமென்று செய்யவில்லை, எல்லோருடைய நல்லதுக்கும்தான் என்று பூசி மெழுகினான்.

"யார்கிட்டப் போய்ச் சொன்னே? எங்கிட்டச் சொல்லலையே."

அவன் பேப்பர் வெயிட்டை உருட்டினான்.

"மாமாகிட்ட" என்றான். "அவர்தான் வேண்டாம்னாரு. உனக்குத் தெரிய வேண்டாம்னாரு. மீதியை அவர்கிட்டயே கேட்டுக்க அக்கா. என்னை மட்டும் குத்தம் சொல்லாதே."

அவள் கடிதத்தை எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.  தம்பி செய்ததைக்கூட வயசுக் கோளாறு, பிழைப்புக் கோளாறு என்று தள்ளிவிட்டிருப்பாள். கூடப் படுத்து எழுந்திருக்கிற மனிதர், எட்டு மாசம் ஒரே காகிதத்தில் ரொட்டி பிய்த்துத் தின்ற மனிதர், வண்டியின் மேல் சுவர் விழுந்தபோதும் வாயைத் திறக்கவில்லையே என்பதைத்தான் அவளால் தள்ள முடியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவர் ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி போன் செய்திருக்க வேண்டும். அவள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர்கிட்ட நான் தனியாப் போனேன். சான்று வாங்கிட்டு வந்து உங்கிட்டக் காட்டலாம்னுதான் போனேன்." இஸ்திரிப் பெட்டியை மடியில் திருப்பினார். "கால் பரவாயில்லன்னார். கைக்கு ஒண்ணும் இல்லன்னார். கண்ணுலதான்…"

"கண்ணுக்கு என்ன?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையில அடைச்ச இடம் அப்படியாம். நேரா எல்லாம் தெரியுது. இடது ஓரம் மட்டும் இல்ல. இருட்டாக்கூட இல்ல, ஒண்ணுமே இல்ல. அங்கே ஒண்ணு இல்லைங்கறதே எனக்குத் தெரியாது, அவர் விரலை ஆட்டிக் காட்டற வரைக்கும். வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டார்."

 கொதிகலன் உள்ளே தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"நான் எந்தப் பக்கம் உட்கார்ந்துட்டு வந்தேன்?"

அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"கேட்கிறேன் இல்ல. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றார்.

வேண்டுமென்று அவளை ஆபத்தில் உட்கார வைக்கவில்லை என்றார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ஓட்டினேன் என்றார். மறுபடியும் ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து, ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது என்றார். அவர் அழுதார். மற்ற நாளாக இருந்தால் அவள் முந்தானையால் துடைத்திருப்பாள்.

அவளுக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்துகொண்டிருந்தது. தம்பியின் மகளுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கூடம். கூலி டிரைவர் ஓட்டிய காலத்தில், காலையில் மூட்டைகளுக்கு நடுவே அந்தக் குழந்தையும் ஏறிக்கொண்டு அத்தையோடு வளவளவென்று பேசிக்கொண்டே வருவாள். கணவர் ஓட்ட ஆரம்பித்து ஒரு மாசத்துக்குள் அது நின்றுபோயிற்று. டீசல் வாடை குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்று தம்பி சொன்னான். தினமும் தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். மழையிலும் விட்டான். வழியில் இவர்கள் வண்டியைப் பார்த்தால் கையாட்டிவிட்டுப் போவான்.

"கண்ணு விஷயம் அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றார் கணவர்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இடையில் ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவியோடு வந்தான். படிவத்தில் இருப்பது உன் கையெழுத்துதான் என்று சொல்லிவிடு அக்கா, கிளைம் போனால் போகட்டும், வேறு வண்டிக்கு நான் வழி செய்கிறேன், இல்லாவிட்டால் என் ஏஜென்சியே போய்விடும் என்று கெஞ்சினான். கணவரும் அவன் நமக்காகத்தானே செய்தான், குடும்பத்துக்குள்ளே முடித்துக்கொள்ளலாம் என்றார். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். தம்பியின் மகள் வரவில்லையா என்று மட்டும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

திங்கட்கிழமை காலையில் விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேட்டில் தானே தள்ளிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராகக் கம்பெனி ஆபீஸுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, நம்பர் கூப்பிடும் மணி. இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். அந்த நேரத்தில் மடியில் வைத்தே எழுதி முடித்தாள்.

உள்ளே இருந்த பெண் அதிகாரி அதை ஒரு தரம் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"படிவத்துல இருக்கறது உங்க கையெழுத்து இல்ல, கொடுத்த கடிதம் எங்களுக்கு வரலை, சரி. உங்க வீட்டுக்காரர் கண்ணைப் பத்தியும் எழுதியிருக்கீங்களே. அதை நாங்க கேட்கவே இல்லையே. உங்க கிளைமுக்கே எதிரா இருக்கு இது. வேணும்னா அந்தப் பாராவை எடுத்துடுங்க."

"நான் கேட்கலைன்னு எங்கிட்டச் சொல்லாம விட்டதாலதான் நான் இங்க வந்து நிக்கிறேன்" என்றாள். "இருக்கட்டும்."

இரண்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் தங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கிளைமைத் தள்ளிவிட்டார்கள். தம்பியின் ஏஜென்சியை எடுத்துவிட்டார்கள். அவன் ஒரு தடவை வாசல்வரை வந்தான். உள்ளே ஏறவில்லை. "நானே போய் ஒத்துக்கிட்டிருப்பேன். எனக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம் அக்கா" என்றான். "எட்டு மாசம் இருந்துச்சு" என்றாள் அவள். தேய்த்து வைத்திருந்த அவனுடைய ஆறு சட்டைகளைக் கொடுத்தனுப்பினாள். அதற்கப்புறம் சட்டைகள் வரவில்லை.

நசுங்கிய வண்டியை இரும்புக் கடைக்காரர்கள் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். லேத்துக்காரர் வந்து அந்தக் கைப்பிடியை மட்டும் கழற்றிக்கொண்டார், வேறு யாருக்காவது ஆகும் என்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் நேரத்தை ஏழிலிருந்து எட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். அவள் தள்ளுவண்டியோடு மேட்டில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாள்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சோறு போட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு தலையணை உறைகளைத் தேய்த்தார். பேச வேண்டியதை இரண்டு வார்த்தையில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் காலித் தள்ளுவண்டியோடு திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு இடது பக்கமாக வந்தாள். வண்டிச் சக்கரத்தை நிறுத்தினாள். கை நீட்டினால் தொடலாம். அவர் திரும்பவில்லை. எதிர்ச் சாரியில் இரைந்துகொண்டு போகிற லாரியைப் பார்த்து, இன்ஜினில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எட்டு மாசம் தான் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். லாரி மேட்டில் ஏறி மறைகிறவரை அங்கேயே நின்று பார்த்தாள்.

பிறகு பின்பக்கமாகச் சுற்றி வலது பக்கம் வந்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எப்ப வந்தே?" என்று கேட்டார்.

"இப்பதான்" என்றாள்.